பர்வதமலையில் ஏறும் வழி ஒன்று, இறங்கும் வழி வேறு

பௌர்ணமி நெருங்கினால் போதும், 'பர்வதமலை ஒருநாள் பயணம், தலைக்கு இவ்வளவு' என்று வாட்ஸ்அப்பில் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். திருவண்ணாமலை மாவட்டம் கலசபாக்கம் பக்கம் உச்சியில் கோயிலோடு சுமார் 4,500 அடி உயரத்தில் நிற்கும் மலை அது. தென்மாதிமங்கலத்தில் ஏறி, கடலாடிப் பக்கம் இறங்கிச் சுற்றி வர ஆசைப்படுவோர் பலர். பக்தியோடு போகிறவரைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் கூட்டிப்போகிறவரிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சங்க இலக்கியமான மலைபடுகடாம் சொல்லும் நவிரமலை இதுதான் என்பார்கள். எந்த இடம் வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும், எதைப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும் என்று கூத்தருக்கு வழி சொல்லி அனுப்புகிற பாட்டு அது. இன்றைய பயண விளம்பரத்தில் வண்டி கிளம்பும் நேரமும் சாப்பாட்டு விவரமும்தான் இருக்கின்றன.

முதலில் கற்படிகள். அவற்றைத் தாண்டிக் கரடுமுரடான பாதை. உச்சிக்குக் கீழே கடப்பாறைப் படி: செங்குத்துப் பாறையில் அடித்து இறக்கிய இரும்புக் கடப்பாறைகளில் கால் வைத்து, சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். இடி இடிக்கும்போது அந்த இரும்பைத் தொடவே கூடாது. மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம், குளிர்ந்த வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி இருந்தால் அங்கேயே உட்காருங்கள். 'இன்னும் கொஞ்சம்தான்' என்று யார் சொன்னாலும் ஏறாதீர்கள்.

இறக்கம்தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. தொடையும் முழங்காலும் அதற்குள் ஓய்ந்துபோயிருக்கும்; தேய்ந்த கல்லில் ஈரம் பட்டால் கால் நிற்காது. வேறு வழியாக இறங்கும்போது வண்டி ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். 108-ஐ அழைத்து 'பர்வதமலை' என்று மட்டும் சொன்னால் ஆம்புலன்ஸ் தவறான அடிவாரத்தில் காத்துக் கிடக்கும். தென்மாதிமங்கலமா, கடலாடியா என்று சேர்த்துச் சொல்லுங்கள். எந்த வழியில் இறங்குகிறீர்கள் என்பது வீட்டாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேரை இழந்தோம். அதன் பிறகுதான் காட்டுக்குள் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 'கோயிலுக்குத்தானே போகிறோம், அனுமதி எதற்கு' என்கிறவரை நம்ப வேண்டாம். வனத்துறை வழியை மூடிய நாளில் அழைத்துப்போவதாகச் சொன்னால், முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

பணம் கொடுத்த நீங்கள் சட்டப்படி நுகர்வோர். எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, முதலுதவி தெரிந்தவர் யார், மழை வந்தால் திரும்புவீர்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 'என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்' என்று எழுதி வாங்கியிருந்தாலும் நடத்துபவரின் அலட்சியம் இல்லையென்று ஆகிவிடாது.

ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் மனுப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை. அலட்சியத்தால் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் போலீசில் புகார் கொடுத்து, சிஎஸ்ஆர் (புகார் பெற்றதற்கான ரசீது) அல்லது எஃப்ஐஆர் நகலைக் கையில் வாங்குங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100.

நடத்துபவர் உங்களை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிய பிறகு பழைய செய்திகளைத் தேடி அலைய நேரும். விளம்பரம், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் கிளம்புவதற்கு முன்பே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.