பிறப்பில் நேரும் ஊனமும் சட்டம் தரும் இழப்பீடும்

பிரசவத்தின்போதோ பிறந்த சில வாரங்களுக்குள்ளோ மருத்துவக் கவனக்குறைவால் ஒரு குழந்தைக்கு ஏற்படும் ஊனம் அதன் வாழ்நாள் முழுவதும் தொடர்வதாகையால், அதற்குரிய இழப்பீடு அக்குழந்தையின் எதிர்காலப் பராமரிப்புக்கான செலவுக் கணக்காகவே அமைய வேண்டும். பெற்றோரின் துயரத்துக்கு ஏதோ ஒரு தொகையை நிர்ணயித்து வழக்கை முடித்துவிடும் போக்கிலிருந்து இந்திய நீதிமன்றங்கள் இக்கருத்துக்கு மெல்ல மெல்லத்தான் வந்து சேர்ந்தன என்பதைச் சென்னையில் தோன்றிய ஒரு வழக்கு தெளிவாகக் காட்டுகிறது.

1996ஆம் ஆண்டு அரசு மருத்துவமனை ஒன்றில் 29ஆவது வாரத்திலேயே, 1,250 கிராம் எடையுடன் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இவ்வாறு குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. மிகுதியாகச் செலுத்தப்படும் ஆக்சிஜன் அக்குழாய்களைத் தாறுமாறாக வளரச் செய்து, விழித்திரையையே பிய்த்துவிடக்கூடும். ஆர்.ஓ.பி. என்று மருத்துவர்கள் சுருக்கமாகக் குறிப்பிடும் இந்நோயைப் பிறந்த சில வாரங்களில் கண் பரிசோதனை செய்து கண்டறிந்தால், லேசர் முதலிய சிகிச்சைகளால் பெரும்பாலும் பார்வையைக் காக்க முடியும். அக்குழந்தைக்கோ அப்பரிசோதனை செய்யப்படவில்லை. செய்ய வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லப்படவும் இல்லை. பாதிப்பு தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. குழந்தை பார்வையை இழந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் வழங்கிய இவ்வழக்கில், 2015இல் உச்ச நீதிமன்றம் அதுவரை ஆன செலவையும், பணவீக்கத்தைச் சேர்த்துக் கணக்கிட்ட எதிர்கால மருத்துவச் செலவையும் கூட்டிச் சுமார் 1.8 கோடி ரூபாய் வழங்க உத்தரவிட்டது. இன்றைய விலைவாசியில் வழங்கும் தொகை பல பத்தாண்டுகளுக்குப் பிறகு போதாது என்ற எளிய உண்மை, தீர்ப்பின் கணக்கிலேயே இடம்பெற்றது இதன் சிறப்பு.

ஆயினும் மோசமான விளைவு ஒன்றே கவனக்குறைவுக்குச் சான்றாகிவிடாது. நோயாளியைக் கவனிக்கும் கடமை மருத்துவருக்கு இருந்தது, சராசரித் திறமையுள்ள மருத்துவர் ஒருவர் காட்டும் கவனத்திலிருந்து அவர் தவறினார், அத்தவறாலேயே பாதிப்பு விளைந்தது என்னும் மூன்றையும் வழக்குத் தொடுப்பவர் நிறுவியாக வேண்டும். இவற்றில் இரண்டாவதற்கு, இங்கிலாந்தில் 1957இல் தீர்க்கப்பட்ட போலம் வழக்கின் அளவுகோலை இந்திய உச்ச நீதிமன்றம் 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் ஏற்றுக்கொண்டது. பிரசவ வழக்குகளில் கடினமானது மூன்றாவது கூறுதான். கை கால் இயக்கத்தைப் பாதிக்கும் மூளை முடக்குவாதம் பெரும்பாலும் பிரசவ வலி தொடங்கும் முன்பே, கருவில் நேரும் காரணங்களால் உண்டாகிறது. பிரசவ நேரத்தில் ஆக்சிஜன் தடைபட்டதால் ஏற்படுவது அவற்றில் ஒரு சிறு பகுதியே.

ஒரு குழந்தை இவற்றில் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதைப் பிரித்தறிய உதவுவன பிரசவ அறைப் பதிவேடுகள். பார்ட்டோகிராஃப் எனப்படும் ஒற்றைத் தாள் வரைபடத்தில், கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் விரிந்தது, குழந்தையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரையிலான இயல்பு வரம்பில் இருந்ததா என்பவை நேர வரிசைப்படி குறிக்கப்படுகின்றன. துடிப்பு குறைந்த நேரத்துக்கும் மருத்துவர் அழைக்கப்பட்ட நேரத்துக்கும் உள்ள இடைவெளியை அத்தாளே காட்டிக்கொடுக்கும். பல மணி நேரம் எதுவும் குறிக்கப்படாமல் விடப்பட்டிருந்தால் அந்த வெற்றிடமும் கேள்விக்குரியதாகிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் நோயாளிக்கு ஆவணங்களைத் தர வேண்டும். ஆனால் மூன்று ஆண்டுகள் பாதுகாப்பதே கட்டாயம் என்பதால், தாயின் கோப்பு, குழந்தையின் கோப்பு இரண்டின் நகலையும் விரைவில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது இன்றியமையாதது.

கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிலரிடம் கட்டணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனையில் இலவசப் பிரிவினருக்கும் இவ்வுரிமை உண்டு. எல்லோருக்கும் முற்றிலும் இலவசம் எனில் உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டியிருக்கும். குழந்தையோடு பெற்றோரும் நுகர்வோரே என்று 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பு தெளிவுபடுத்தியது. நுகர்வோர் ஆணையத்தில் முறையிடப் பொதுவாக இரண்டு ஆண்டுகளே அவகாசம். உரிமையியல் நீதிமன்றத்திலோ, பாதிக்கப்பட்டவர் சிறாராக இருப்பதால் அவர் 18 வயதை எட்டிய பிறகும் காலவரம்புச் சட்டம் இடமளிக்கிறது.

இவ்வழிகள் இருந்தும், சென்னை வழக்கில் குழந்தை பிறந்ததிலிருந்து இறுதித் தீர்ப்பு வர ஏறத்தாழ 19 ஆண்டுகள் ஆயின. பயிற்சியும் சிகிச்சையும் மிகத் தேவைப்படும் பருவம் அதற்குள் கழிந்துவிடுகிறது. ஜப்பான் 2009இல் தொடங்கிய மகப்பேறு இழப்பீட்டுத் திட்டம், வரையறுத்த தகுதிகளைக் கொண்ட மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கு, எவர்மீதும் குற்றத்தை நிறுவாமலேயே மொத்தம் 3 கோடி யென்னைத் தவணைகளாக வழங்குவதோடு, ஒவ்வொரு நிகழ்வின் காரணத்தையும் ஆராய்ந்து, மீண்டும் நேராமல் தடுக்கும் பாடங்களை மருத்துவமனைகளுக்கு அறிவிக்கிறது. தவறு யாருடையது என்ற விசாரணை நீதிமன்றத்தில் உரிய காலத்தை எடுத்துக்கொள்ளட்டும். குழந்தையின் சிகிச்சை அதன் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதால், அத்தகைய ஏற்பாடு இந்தியாவுக்கும் வேண்டும்.