பரீட்சைக்கு முந்திய ஏழு நாட்கள்

பரீட்சைக்குச் சரியாக ஏழு நாட்கள் இருக்கும்போது என் ராத்தா தனது புத்தகங்களையெல்லாம் ஒரு பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். உம்மா பதறிப் போனார். "இன்னும் ஒரு கிழமைதானே மகள் இரிக்கி. இப்பவா புத்தகத்தக் கட்டி வைக்கிற?" என்று கேட்டார். மேசையில் மிஞ்சியவை மூன்றே பொருட்கள்: ஒரு கல்குலேட்டர், ஒரு நீல நிறக் கொப்பி, ஒழுக்க நெறிகள் பற்றிய பாடத்தின் பிரதி. அந்த மூன்றையும் வைத்து அவர் செய்ததைப் பார்த்த பிறகுதான், கடைசிக் கிழமையைப் பற்றி நான் அதுவரை நினைத்திருந்தது பிழை என்று விளங்கியது.

ராத்தா எழுதியது சீ.எஃப்.ஏ. எனப்படும் பட்டய நிதி ஆய்வாளர் பரீட்சையின் முதலாம் நிலை. 1963இல் அமெரிக்காவில் தொடங்கிய பரீட்சை இது. மொத்தம் மூன்று நிலைகள். முதலாம் நிலையில் 10 பாடங்கள், 180 பல்தேர்வு வினாக்கள். 135 நிமிடங்கள் கொண்ட இரண்டு அமர்வுகளில் கணினியில் எழுத வேண்டும். கணக்குப் பார்த்தால் ஒரு வினாவுக்கு 90 செக்கன்கள். எங்கள் உயர்தரப் பல்தேர்வு வினாக்களில் ஐந்து விடைகள் இருக்கும். அங்கே மூன்றுதான். பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதும் இல்லை. கேட்க இலகுவாக இருக்கிறதல்லவா? ஆனாலும் அண்மைய ஆண்டுகளில் முதலாம் நிலைக்குத் தோற்றியவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே சித்தியடைந்திருக்கிறார்கள். கட்டணமோ அப்போது ஏறக்குறைய ஆயிரம் அமெரிக்க டொலராக இருந்தது, பிந்திப் பதிந்தால் அதிலும் கூட. அதை ரூபாவுக்கு மாற்றிப் பார்த்த அன்று வாப்பா நெடுநேரம் பேசவில்லை.

முதல் தடவை அந்தக் கட்டணத்தை வாப்பா கட்டினார். ராத்தா சித்தியடையவில்லை. இரண்டாம் தடவை தன் சம்பளத்தில் சேமித்துத் தானே கட்டினார். ஆகவே இந்த ஏழு நாட்களும் எங்கள் வீட்டில் சாதாரண நாட்களாக இருக்கவில்லை.

முதல் தடவை என்ன நடந்தது என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடைசிக் கிழமை முழுவதும் அவர் புதுப் பாடம் படித்தார். விட்டுப்போன அத்தியாயங்களை இரவு இரண்டு மணி வரை வாசித்தார். படித்தது படித்ததோடு கலந்து குழம்பியது. ஏற்கெனவே தெரிந்தவற்றிலும் சந்தேகம் வந்துவிட்டது.

இம்முறை அந்த நீலக் கொப்பிதான் புத்தகம். அதில் பாடக் குறிப்புகள் எதுவும் கிடையாது, பிழைகள் மட்டுமே இருந்தன. மாதிரிப் பரீட்சையொன்றில் 180 வினாக்களில் 61 பிழைத்திருந்தது. ஒவ்வொரு பிழையும் ஏன் வந்தது என்று எழுதி, அவற்றை மூன்றாகப் பிரித்தார். உண்மையிலேயே தெரியாதவை 27. வினாவைச் சரியாக வாசிக்காததால் வந்தவை 19. கல்குலேட்டரில் தடுமாறியதால் வந்தவை 15. அதாவது 34 வினாக்கள் அவருக்குத் தெரிந்தவை! தெரியாத 27ஐயும் ஏழு நாளில் படித்து முடிப்பது கடினம். தெரிந்தும் விட்ட 34இல் பாதியை மீட்டாலே 119 சரியான விடைகள் 136 ஆகும். கடைசிக் கிழமையின் வேலை இதுதான் என்றார் ராத்தா.

வாசிக்காமல் விடும் பிழைக்கு வர்த்தகப் பிரிவு மாணவிகளுக்கு விளங்கக்கூடிய ஓர் உதாரணம் சொல்கிறேன். கடைசியாக வந்த சரக்கே முதலில் விற்பனையானதாகக் கருதித் தொக்கைக் கணிப்பிடும் முறை எங்கள் நாட்டுக் கணக்கீட்டு நியமத்திலும் சர்வதேச நியமத்திலும் இல்லை. அமெரிக்க நியமத்தில் மட்டும் அதற்கு இடமுண்டு. வினாவின் முதல் வரியிலேயே எந்த நியமப்படி அறிக்கை தயாரிக்கப்பட்டது என்று சொல்லியிருப்பார்கள். அவசரத்தில் அந்த வரியைத் தாண்டிப் போய் இலக்கங்களுக்குள் விழுந்தால் முழுக் கணக்கும் வீண். "பொருந்தாதது எது" என்று கேட்டதைப் "பொருந்துவது எது" என்று எடுத்துக்கொண்டு முதல் விடையைக் குறித்தவையும் கொப்பியில் நிறைய இருந்தன. அதனால் அவர் ஒவ்வொரு நாளும் 30 வினாக்கள் மட்டும் செய்தார். விடைகளைப் பார்க்கும் முன், கேட்கப்பட்டது என்ன என்பதை வாயால் சொல்லிப் பார்ப்பார். அடுத்த அறையிலிருந்த எனக்கும் பாதிப் பாடம் மனனமாகிவிட்டது.

கல்குலேட்டர் விஷயம் இன்னும் வேடிக்கையானது. இப்பரீட்சைக்கு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பீ.ஏ. டூ பிளஸ், எச்.பீ. 12சீ ஆகிய இரண்டு வகைகளே அனுமதி. ராத்தாவிடம் இருப்பது முதலாவது. ஆண்டுக்கு 10,000 ரூபா வீதம் மூன்று ஆண்டுகள் கிடைக்கும் பணத்தின் இன்றைய பெறுமதியை 10 வீதத்தில் கணித்தால், பணம் ஆண்டு முடிவில் கிடைப்பதாயின் 24,868.52. ஆண்டுத் தொடக்கத்தில் கிடைப்பதாயின் 27,355.37. கல்குலேட்டரில் தொடக்கமா முடிவா என்ற அமைப்பு முந்திய கணக்கிலிருந்து மாறாமல் கிடந்தால் பிழையான இலக்கமே வரும். வினாவை ஆக்கியவருக்கு அது தெரியாதா என்ன? அந்தப் பிழையான இலக்கமும் மூன்று விடைகளில் ஒன்றாக அமைதியாகக் காத்திருக்கும். இன்னொன்று: அந்தக் கருவி ஒரு அமைப்பில் 2+3×4 என்பதற்கு 20 என்று காட்டும், இன்னொரு அமைப்பில் 14 என்று காட்டும். ஏழு நாளும் காலையில் முதல் வேலையாக இந்த அமைப்புகளைச் சரிபார்த்துப் பழகினார். பெட்டரியையும் புதிதாக மாற்றினார்.

ஒழுக்க நெறிப் பாடத்தை அவர் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு ஒதுக்கியிருந்தார். முதலாம் நிலையில் 15 முதல் 20 வீதம் இந்தப் பாடம்தான். ஏழு நியமங்கள் உண்டு. அவற்றை மனனம் செய்து பயனில்லை, சம்பவங்களில் பொருத்திப் பார்க்க வேண்டும். ராத்தா சம்பவத்தை வாசிப்பார், நாங்கள் தீர்ப்புச் சொல்வோம். நாட்டின் சட்டம் ஒன்றை அனுமதிக்கிறது, நெறிக்கோவை தடுக்கிறது, எதைப் பின்பற்றுவது? இரண்டில் கடுமையானதை என்று வாப்பா உடனே சரியாகச் சொன்னார். அடுத்த சம்பவம்: வாடிக்கையாளரை இன்னொருவரிடம் அனுப்பி, அதற்குத் தரகுப் பணம் பெறுவதை அவரிடம் சொல்லாமல் விடுகிறார் ஒருவர். "நல்ல இடத்துக்குத்தானே அனுப்பினார். அதுல என்ன பிழ?" என்றார் வாப்பா. பணம் பெறுவதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று ராத்தா விளக்கியதும் வாப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பிறகு மெதுவாக, "அப்ப நான் மச்சான்ட கடைக்கு ஆள் அனுப்புறது?" என்றார். உம்மா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

கடைசி இரண்டு நாட்களும் படிப்பு நேரம் சுருங்கியது. பரீட்சை காலை எட்டு மணிக்கு என்பதால், அந்தக் கிழமை முழுவதும் சுபஹுக்குப் பின் உறங்காமல் எட்டு மணிக்கே வினாக்களைத் தொடங்கினார். இரவு பத்து மணிக்கு விளக்கு அணைந்தது. உம்மாவும் உதவினார். "படிச்சி முடிச்சிட்டியா" என்ற கேள்வியை வீட்டில் யாரும் கேட்கக் கூடாதென்று எங்களுக்குக் கட்டளையிட்டார். பெற்றோர் இதை வாசித்தால் அந்த ஒரு கேள்வியை மட்டும் அடக்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்கும் உயர்தரம் நெருங்குகிறது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். பரீட்சை மண்டபத்துக்குக் கடவுச்சீட்டு கட்டாயம். அதிலுள்ள பெயரும் பதிவு செய்த பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பாத்திமா என்ற பெயரை எங்கள் ஊரில் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ராத்தாவின் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், கடவுச்சீட்டில் இன்னொரு விதம். இதைக் கடைசிக் கிழமைக்கு வைக்காமல் பதியும்போதே பார்த்துவிட வேண்டும்.

பரீட்சையன்று கொழும்பிலிருந்து திரும்பிய ராத்தா லுஹர் தொழுகையைக் களாச் செய்ய நேராமல் அங்கேயே தொழுதுவிட்டதாக முதலில் உம்மாவிடம் சொன்னார். நான் பொறுமையிழந்து, "என்ன கேள்வி வந்த?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். வாப்பா விடவில்லை. ஆரம்பத்தில் வட்டிக் கணக்கெல்லாம் ஏன் படிக்கிறாய் என்று முணுமுணுத்தவர் அவர்தான். "வட்டிக் கணக்கு வந்ததா, அத மட்டும் சொல்லு மகள்" என்றார்.

"சொல்ல ஏலாது வாப்பா. என்ன பாடத்துல கேட்டாங்க என்டு சொல்றதும் ஏழாவது நியமத்துக்கு மாறு" என்று சொல்லிவிட்டு ராத்தா உறங்கப் போனார். முடிவு வரச் சில கிழமைகள் ஆகும். நீலக் கொப்பி இப்போது என் மேசையில் இருக்கிறது. அதன் பின்பக்கத்திலிருந்து என் கணக்கீட்டுப் பிழைகளை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.