பாலைவனத்தில் ஸ்வெட்டர் எதற்கு?

“ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க மாமா” என்றான் தங்கை மகன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் சிப் தொழிற்சாலை ஒன்றில் அவனுக்கு வேலை. ஆகஸ்ட் கடைசி வாரம். வெளியே 43 டிகிரி. வாசலிலிருந்து காருக்கு நடந்த இருபது அடியில் செருப்பு இளகிவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். இந்த வெயிலில் ஸ்வெட்டரா? கிண்டல் செய்கிறான் என்றே நினைத்தேன். அவன் அம்மாவுக்கும் அந்தக் குணம் உண்டு. ஆனாலும் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

நாங்கள் கிளம்பியது வில்காக்ஸ் என்ற சிற்றூருக்கு. தென்கிழக்கே முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அரிசோனாவின் ஒயின் திராட்சையில் பெரும்பகுதி அந்த ஊரைச் சுற்றித்தான் விளைகிறது. குடும்பமாக நடத்தும் சின்னச் சின்ன ஒயின் ஆலைகள், பழைய கடைத்தெருவில் வரிசையாக டேஸ்டிங் ரூம்கள். பாலைவனத்தில் ஒயினா என்ற கேள்வியோடு போனவன் நான். போகும் வழியிலேயே பாதிப் பதில் கிடைத்துவிட்டது.

டூசான் நகரம் வரை சாலையின் இரு பக்கமும் சவாரோ கள்ளிகள் கைதூக்கி நிற்கின்றன. அதைத் தாண்டிச் சாலை ஏற ஏற ஒவ்வொன்றாகக் குறைந்து, ஓரிடத்தில் ஒன்றுமே இல்லை. விடாத உறைபனியைச் சவாரோ தாங்காது. அது எங்கே நின்றுவிடுகிறது என்று பார்த்தாலே அந்த இடத்தின் குளிரைச் சொல்லிவிடலாம். அப்புறம் டெக்சாஸ் கேன்யன் என்ற இடத்தில் யாரோ அடுக்கி வைத்த மாதிரி உருண்டைக் கருங்கல் பாறைகள். பாறைகள் முடிந்ததும் பரந்த புல்வெளி. ஃபீனிக்ஸ் கடல்மட்டத்துக்கு மேல் 330 மீட்டரில் இருக்கிறது. வில்காக்ஸ் சுமார் 1,270 மீட்டரில். நம் ஏற்காட்டைவிடச் சற்றே தாழ்வு, அவ்வளவுதான். ஆண்டு மழை சுமார் 300 மில்லிமீட்டர். கறாரான புவியியலாளர் இதை அரைப்பாலை என்பார். சோனோரன் பாலையும் சிவாவா பாலையும் கைகோக்கும் இடைவெளி இது.

மறுநாள் விடிகாலை மூன்று மணிக்கு ஸ்வெட்டர் மேலே ஏறிவிட்டது.

திராட்சை பறிப்பதைப் பார்க்க அந்நேரத்துக்கே வரச் சொல்லியிருந்தார் தோட்டத்துக்கார அம்மாள். கும்மிருட்டில் கொடி வரிசைகளுக்கு நடுவே நெற்றி விளக்குகள் மட்டும் மின்மினிபோல ஊர்கின்றன. ஒரு கை குலையைத் தாங்கும், மறு கையில் வளைந்த சிறு கத்தி. ‘சரக்’ என்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கூடையில் மெத்தென்று ஒரு சத்தம். நான் ஒரு குலையைக் கையில் வாங்கினேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரி சில்லென்றிருந்தது.

அந்தச் சில்லிப்புக்காகத்தான் இந்த ராத்திரி வேலை. பகலில் பறித்தால் பழம் சூட்டோடு ஆலைக்குப் போகும். நசுங்கிய பழத்தின் சாறு காற்றுப்பட்டுப் பழுப்பேறும், தோலில் ஒட்டியிருக்கும் காட்டு ஈஸ்ட்டுகள் கேட்காமலே நொதிக்க ஆரம்பிக்கும், அதைக் குளிரவைக்க மின்சாரமும் ஏராளம் ஆகும். இரவே இலவசக் குளிர்சாதனப் பெட்டி என்றால் யார் விடுவார்கள்?

ஆனால் இரவின் வேலை பறிக்கும் அன்று தொடங்குவதில்லை. பழம் பழுக்கும் வாரங்கள் முழுக்க அது நடக்கிறது. திராட்சையில் முக்கியமான அமிலங்கள் இரண்டு. ஒன்று டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளியில் இருப்பதும் அதுவே. அது வெயிலுக்கு அசையாது. குழம்பு எவ்வளவு கொதித்தாலும் புளிப்பு போகாததற்கும் அதுதான் காரணம். மற்றது மாலிக் அமிலம், ஆப்பிளின் புளிப்பு. பழுக்கும் பழம் சுவாசிக்கும்போது இந்த இரண்டாவது அமிலத்தைத்தான் எரித்துத் தின்னும். சூடு ஏற ஏறச் சுவாசம் வேகமாகும், புளிப்பு கரையும். பகலில் அடித்த வெயில் ராத்திரியும் தணியாவிட்டால் பழம் இருபத்துநான்கு மணி நேரமும் தன் அமிலத்தையே தின்றுகொண்டிருக்கும். கடைசியில் மிஞ்சுவது சர்க்கரைப்பாகு. தோலின் கருஞ்சிவப்பு நிறமிகளும் அப்படியே: வெப்பமான இரவுகளில் அவை சரியாகச் சேர்வதில்லை.

ஃபீனிக்ஸின் கோடை ராத்திரிகளில் பல நாள் 30 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. சிமென்ட்டும் தாரும் பகல் முழுக்கக் குடித்த வெப்பத்தை விடியவிடியக் கக்கும். வில்காக்ஸில் ஜூன் மாதப் பகல் 35 டிகிரியைத் தொட்டாலும் விடியலில் 15-க்குப் பக்கத்தில் வந்துவிடும். உயரம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் காற்றின் வறட்சி. காற்றிலுள்ள நீராவி ஒரு போர்வை. தரையிலிருந்து மேலே போகும் வெப்பக் கதிர்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சென்னையில் மே மாத இரவு புழுங்குவது இந்தப் போர்வையால். பாலையில் போர்வை கிடையாது. சூரியன் விழுந்ததும் தரையின் சூடு நேரே வானத்துக்குப் போய்விடுகிறது.

இதே இரவு குழி பறிக்கவும் செய்யும். நம் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கொடி தூங்குவதே இல்லை. கவாத்து செய்தால் துளிர்க்கும், பந்தலில் வருஷத்துக்கு இரண்டு மூன்று அறுவடை. வில்காக்ஸ் கொடிகள் குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கி, வசந்தத்தில் கண் விழிப்பவை. விழித்த நேரத்தில் ஏப்ரலில் ஒரு ராத்திரி வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் பச்சை மொட்டுகள் விடிவதற்குள் கருகிவிடும்.

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரியே பள்ளம் பார்த்து ஓடும். வில்காக்ஸ் படுகையின் நடுவே, பனியுகத்தில் ஏரியாக இருந்து வற்றிப்போன ஒரு வெள்ளைத் தரை கிடக்கிறது. அங்கிருந்து எந்த ஆறும் வெளியேறுவதில்லை. குளிர்காற்றுக்கும் போக்கிடம் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் அந்தப் பள்ளத்தை விட்டுவிட்டு, மலையடிவாரத்தில் வண்டல் சரிந்து மேடான பகுதியில் கொடி நட்டிருக்கிறார்கள். தோட்டத்தின் நடுவே ஒரு கம்பத்தில் விமான விசிறி மாதிரி ஒன்று நின்றது. காற்றாலை என்று நினைத்தேன். இல்லையாம். உறைபனி இரவுகளில் தரையோடு குளிர்காற்று படுத்திருக்க, அதற்குச் சற்று மேலே இளஞ்சூடான காற்று மிதக்கும். விசிறி அந்தச் சூட்டைக் கீழே இழுத்துக் கலக்கும். கிடைப்பது இரண்டு மூன்று டிகிரிதான். அந்த வருஷத்து விளைச்சலே அந்த இரண்டு மூன்று டிகிரியில் தொங்குகிறது.

இங்கே கொடி வைக்கலாம் என்று காட்டியதில் பெரிய பங்கு ஒரு மண்ணியலாளருக்கு. அரிசோனா பல்கலைக்கழகத்தின் கார்டன் டட், 1970-களில் மழைநீரைத் திரட்டி வறண்ட நிலத்தில் பயிர் செய்யும் ஆராய்ச்சியில் இருந்தார். குறைந்த நீரில் நிறைய மதிப்புத் தரும் பயிர் எது என்று தேடியபோது திராட்சை கண்ணில் பட்டது. வில்காக்ஸுக்குத் தென்மேற்கே, எல்ஜின் என்ற ஊரருகே 1983-ல் அவரே ஆலை தொடங்கினார். அடுத்த ஆண்டே எல்ஜின் அடங்கிய சொனோய்ட்டா வட்டாரம் மாநிலத்தின் முதல் அங்கீகரிக்கப்பட்ட திராட்சை மண்டலமானது. வில்காக்ஸுக்கு அந்த அங்கீகாரம் 2016-ல்தான் வந்தது.

வறண்ட காற்றில் பூஞ்சை நோய் குறைவு. ஜூலை தொடங்கிச் செப்டம்பர் வரை வரும் பருவமழைதான் தலைவலி. ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அப்போது கொட்டும், சில சமயம் ஆலங்கட்டியோடு. பியர்ஸ் நோய் என்ற பாக்டீரியாத் தொல்லையும் அமெரிக்காவின் தென்பகுதியில் உண்டு. கொடியின் நீர்க்குழாய்களை அடைத்துக் காயவைத்துவிடும். இதற்கு மருந்து இந்த நிலத்தின் காட்டுத் திராட்சையிலேயே இருந்தது. ஓடைக் கரைகளில் மரமேறும் ‘விட்டிஸ் அரிசோனிகா’ இனத்தின் ரத்தம் கலந்த ஒரு கொடியை ஹெரால்டு ஓல்மோ என்பவர் முன்பு மெக்சிகோவிலிருந்து எடுத்து வந்திருந்தார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ வாக்கர் அதன் நோய் எதிர்ப்பு மரபணுவை வருஷக்கணக்கில் கலப்பு செய்து ஒயின் திராட்சைக்குள் கொண்டுவந்தார். அப்படி வந்த ஐந்து ரகங்களின் பெயர்களும் இத்தாலியம், ஸ்பானிஷ், லத்தீன் மொழிகளில் ‘நடப்பது’, ‘உலாத்துவது’, ‘அலைவது’ என்றே பொருள்படும். வாக்கர் என்றாலும் நடப்பவர்தானே. விஞ்ஞானிகளின் நகைச்சுவை இந்த அளவில்தான் இருக்கும்.

பகலில் ஊருக்குள் வந்தோம். ரயில்பாதை ஓரமாகவே ஒரு தெரு. 1880-ல் கட்டிய மரத்தாலான ரயில் நிலையம் இப்போது நகராட்சி அலுவலகம். எதிரே டேஸ்டிங் ரூம்கள். ஐந்து கோப்பைகளில் இரண்டு மடக்கு அளவுக்கு ஊற்றி வரிசையாக வைத்தார்கள். பக்கத்தில் ஒரு வாளி, துப்புவதற்கு. பார்க்க அநாகரிகமாகத் தோன்றலாம். ருசி பார்ப்பவர்களுக்கு அதுதான் ஒழுங்கு. லிட்டருக்கு சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால். வெயில் ஊர்ப் பழத்தில் சர்க்கரை அதிகம் என்பதால் ஒயினில் 14, 15 சதவீதம் சாதாரணம். உயரமும் வறட்சியும் ஏற்கெனவே உடம்பு நீரை உறிஞ்சிக்கொண்டிருக்க, ஆல்கஹால் சிறுநீரகத்தை வேறு திறந்துவிடும். ஐந்து கோப்பையும் விழுங்கினால் மதியமே தலை கனக்கும். மருமகன் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டான். ரத்தத்தில் 0.08 சதவீதம் என்பது சட்ட வரம்பு. அதற்குக் குறைவாக இருந்தாலும், வண்டி ஓட்டுவதில் இம்மியளவு தடுமாற்றம் தெரிந்தாலே அரிசோனாவில் வழக்கு.

முதல் கோப்பை மால்வசியா என்ற வெள்ளைத் திராட்சை. மூக்கருகே கொண்டுபோனதும் தேனி மாவட்டம்! பன்னீர் திராட்சையேதான். மயக்கமில்லை, ரசாயனம். கம்பத்துப் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். ரோஜா வாசம் அடிப்பதால் நம் ஊர்க்காரர்கள் பன்னீர் என்றார்கள். அந்த வாசத்துக்குக் காரணமான லினலூல், ஜெரானியால் போன்ற மோனோடெர்பீன்கள் மால்வசியாவிலும் உண்டு. கொத்தமல்லி விதையை வறுக்கும்போது எழும் மணத்திலும் அதே லினலூல்தான். கோப்பையைச் சுழற்றுவது பந்தா இல்லை. ஆவியாகும் பரப்பைக் கூட்டி, இந்த மூலக்கூறுகளை மூக்குக்கு அனுப்பும் வழி.

நான்காவது, சிரா என்ற சிவப்பு. வாயில் வைத்ததும் நாக்கு சொரசொரத்து உள்ளே இழுத்தது. இதைச் சொல்ல ஆங்கிலம் சுற்றி வளைக்கும். நமக்கு ஒரே சொல்: துவர்ப்பு. நாவற்பழம், வாழைப்பூ, கொட்டைப்பாக்கு எல்லாவற்றிலும் வேலை செய்வது டானின். எச்சிலில் வழவழப்புத் தரும் புரதங்களைப் பிடித்துத் திரளவைத்துவிடும்; எண்ணெய் போன கதவு மாதிரி வாய் உராயும். அதனால் அறிவியல் துவர்ப்பைச் சுவைக் கணக்கில் சேர்க்காமல் தொடு உணர்ச்சி என்கிறது. ஆறு சுவை என்று எண்ணிய நம் ஆட்கள் நாக்கோடு வாயையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை.

இந்த அழுத்தமான துவர்ப்பும் நிறமும் பெரும்பாலும் தோலிலிருந்து வருபவை. ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் பத்து சதவீதம்போலக் கூடும். அதைத் தடுக்கப் பழம் தோலில் க்வெர்செடின் போன்ற பொருள்களைச் சேர்க்கும். தனக்குத் தானே பூசிக்கொள்ளும் சன்ஸ்கிரீன். சொட்டுநீரையும் வேண்டுமென்றே குறைத்துத்தான் விடுகிறார்கள். பழம் சிறுத்து, சதையைவிடத் தோலின் பங்கு கூடும்.

ஒரு சரக்கு ரயில் போனது. முடியவே முடியாத நீளம். கோப்பையின் கருஞ்சிவப்பில் வட்ட வட்டமாக அலை எழுந்து ஓய்ந்தது.

தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டேன். கீழிருந்து. மலையிலிருந்து கொஞ்சம் ஊறி வந்தாலும் பெருமளவு பழைய ஈரக்காலத்தின் சேமிப்பு. 1980-ல் மாநிலம் நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்தபோது இந்தப் படுகை வெளியே விடுபட்டது. பணம் உள்ளவர் ஆழத் துளைத்து எவ்வளவும் எடுக்கலாம் என்ற நிலை. கால்நடைத் தீவனத்துக்காகப் பெரிய பண்ணைகள் வந்தன. வீட்டுக் கிணறுகள் வற்றின, தரை இறங்கியது, நிலம் பிளந்தது. கட்டுப்பாடு வேண்டுமா என்று 2022-ல் வாக்கெடுப்பு நடத்தியதில் ஊர் மக்களே வேண்டாம் என்றார்கள். 2024 டிசம்பரில் மாநில அரசு கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்தது. தீவனமாகப் போகும் குதிரை மசால் கேட்கும் நீரில் பாதிகூடத் திராட்சைக்கு வேண்டாம். அதனால் ஒயின்காரர்களுக்கு இதில் கொஞ்சம் தலை நிமிர்வு. ஆனால் அவர்கள் குழாயும் அதே பழைய சேமிப்புக்குள்தான் இறங்கியிருக்கிறது.

இரண்டு பாட்டில் வாங்கினேன், ஒரு மால்வசியா, ஒரு சிரா. திரும்பும்போது காரின் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வில்காக்ஸில் 30. டூசானில் 38. மறுபடியும் கள்ளிகள் கைதூக்கின. சாண்ட்லர் வரும்போது 42. நிறுத்திய காருக்குள் இதைவிடக் கூடும். கார்க்கு பிதுங்கி, ஒயின் வெந்துபோகும்.

“பாட்டிலை எதிலாவது சுத்துங்க மாமா” என்றான் மருமகன்.

ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் போட்டிருந்தேன். அதை எடுத்து மால்வசியாவுக்குப் போர்த்தினேன். சிராவுக்கு என் துண்டு.