பிங் வருகிறது, எடை வரவில்லை

படாளம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர், நெல் மூட்டை ஏற்றிய வண்டி, குவாரியிலிருந்து ஜி.எஸ்.டி. சாலைக்கு ஏறும் ஜல்லி லாரி என மதுராந்தகம் வட்டாரத்தில் எந்தச் சரக்கும் எடை மேடையைத் தொடாமல் போவதில்லை. வண்டி மேடையில் நிற்கிறது, இண்டிகேட்டரில் எடை பளிச்சென்று தெரிகிறது, ஆனால் பில் போடும் கணினியில் மட்டும் ஒன்றும் இல்லை. இப்படி நடந்தால் பெரும்பாலும் நடுவிலுள்ள சிறிய பெட்டியைத்தான் பார்க்க வேண்டும். அதன் பெயர் சீரியல் - ஈதர்நெட் கன்வெர்ட்டர்.

இண்டிகேட்டர் எடையை அனுப்பும் முறை பழையது. ஆர்.எஸ்-232 என்ற அந்தத் தரம் 1960-இல் வந்தது. அதன் கேபிளை ஏறக்குறைய 15 மீட்டருக்கு மேல் இழுத்தால் நம்ப முடியாது. அலுவலகம் அதைவிடத் தள்ளி இருந்தாலோ, எடையை ஒன்றுக்கு மேற்பட்ட கணினியில் பார்க்க வேண்டும் என்றாலோ, கன்வெர்ட்டரை வைத்து லேன் கேபிளுக்கு மாற்றுகிறார்கள். ஆக, கோளாறு லேன் பக்கத்திலும் இருக்கலாம், சீரியல் பக்கத்திலும் இருக்கலாம். எந்தப் பக்கம் என்று தெரியாமலே வயரைப் பிடுங்கிச் செருகி, பெட்டியை ரீசெட் செய்து, இருந்த செட்டிங்கையும் அழித்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் கணினியிலிருந்து கன்வெர்ட்டரின் ஐ.பி. முகவரிக்குப் பிங் கொடுங்கள். பதில் வராவிட்டால் கோளாறு லேன் பக்கம். கரன்ட் போய் வந்த பிறகு தொல்லை தொடங்கியதா? கன்வெர்ட்டர் முகவரியை ரவுட்டரிடமிருந்து தானாக வாங்கும் நிலையில் இருந்தால், ரவுட்டர் இந்த முறை வேறு எண்ணைக் கொடுத்திருக்கும். மென்பொருளோ பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். நிலையான முகவரி போட்டுவிட்டால் தீர்ந்தது. அந்த எண் ரவுட்டர் பிறருக்குக் கொடுக்கும் வரிசைக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாருடைய கைபேசிக்காவது அதே எண் போய், எடை ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. சந்தேகம் இருந்தால் கன்வெர்ட்டரின் லேன் கேபிளைக் கழற்றிவிட்டுப் பிங் கொடுங்கள். அப்போதும் பதில் வந்தால் அந்த எண்ணில் வேறொரு கருவி உட்கார்ந்திருக்கிறது.

புதுப் பெட்டியில் சிக்கல் வேறு. மோக்சாவின் என்போர்ட் வகை 192.168.127.254 என்ற முகவரியோடு வருகிறது. அலுவலக ரவுட்டர் 192.168.1 வரிசையில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. மடிக்கணினிக்குத் தற்காலிகமாக 192.168.127.10 என்று முகவரி கொடுத்து, பிரவுசர் வழியே பெட்டிக்குள் போய் அதன் முகவரியை மாற்ற வேண்டும். இணைய நிறுவனம் ரவுட்டரை மாற்றிக் கொடுக்கும்போதும் இதே கதைதான்.

பிங் வருகிறது, எடை வரவில்லை என்றால் முதலில் போர்ட் எண்ணைப் பாருங்கள். மென்பொருளில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். பல பெட்டிகள் ஒரு நேரத்தில் ஒரே இணைப்பைத்தான் ஏற்கும். பில் கணினி திடீரென அணைந்துபோனால், பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதாகப் பெட்டி நினைத்துக்கொண்டு புதியதை உள்ளே விடாது. பெட்டியை அணைத்துப் போட்டதும் சரியாகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். செயலற்ற இணைப்பைத் துண்டிக்கும் நேரத்தைச் செட்டிங்கில் வைத்துவிட்டால் தினமும் அணைத்துப் போட வேண்டியதில்லை.

அடுத்தது சீரியல் பக்கம். எதுவுமே வராவிட்டால் ஒன்பது பின் கனெக்டரில் 2, 3 கம்பிகளை இடம் மாற்றிப் பாருங்கள். 5-ஆம் பின்னில் கிரவுண்ட் விட்டுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாமே கிறுக்கலாக வந்தால் பாட் ரேட் பொருந்தவில்லை. இண்டிகேட்டர் 2400-இல் பேச, பெட்டி 9600-இல் கேட்டுக்கொண்டிருக்கும். இன்னொன்று உண்டு, அனுபவசாலிகளையே குழப்புவது: 0, 3, 5, 6, 9 சரியாக வரும், 1, 2, 4, 7, 8 மட்டும் கோணல் எழுத்தாகும். இண்டிகேட்டர் 7 பிட், ஈவன் பாரிட்டி என்று அனுப்புவதைப் பெட்டி 8 பிட், பாரிட்டி இல்லை என்று வாங்குகிறது. அதனால் பாரிட்டி பிட்டும் எழுத்தோடு சேர்ந்துவிடுகிறது. இதற்காக இண்டிகேட்டரைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்புவது வீண் செலவு.

வீட்டிலிருந்தே கைபேசியில் எடை பார்க்க ஆசைப்பட்டு, ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து பெட்டியை நேராக இணையத்தில் விடும் முதலாளிகளும் உண்டு. இந்தப் பெட்டி தாக்குபவர்கள் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: உக்ரைனில் 2015 டிசம்பர் 23 அன்று மின் விநியோக நிறுவனங்களைத் தாக்கியவர்கள் துணைமின் நிலையங்களில் இருந்த இதே வகைக் கன்வெர்ட்டர்களின் ஃபர்ம்வேரை அழித்தார்கள். அந்தத் தாக்குதலில் சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. கன்வெர்ட்டர்கள் செயலிழந்ததால் தொலைவிலிருந்து இயக்க வழியில்லாமல் ஊழியர்கள் நேரில் போய் பிரேக்கர்களைக் கையால் போட்டார்கள். வெளியிலிருந்து எடை பார்த்தே ஆக வேண்டும் என்றால் வி.பி.என். போடச் சொல்லுங்கள். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டையும் அன்றே மாற்றச் சொல்லுங்கள்.