தூண் கலவை: கடைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியவை



"பில்லருக்கு எந்த சிமெண்ட் நல்லது?" என்று கேட்டுத்தான் வாடிக்கையாளர் கடைக்கு வருகிறார். நாமும் விலையைச் சொல்லி மூட்டையை ஏற்றி அனுப்பிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எங்கள் கடைக்குக் கோபமாக வந்தார். பலகையைப் பிரித்ததும் தூணில் ஜல்லி தனியாகத் தெரிகிறதாம். சிமெண்ட் மட்டம் என்றார். நேரில் போய்ப் பார்த்தோம். கலவை சுலபமாக இறங்கட்டும் என்று மேஸ்திரி கணக்கில்லாமல் தண்ணீர் ஊற்றியிருந்தார். பலகை இடுக்கில் பால் ஒழுகி, ஜல்லி மட்டும் நின்றுவிட்டது. பழி நமக்கு வந்தது.

மூட்டையில் உள்ள 53 என்பது தூணின் பலம் அல்ல; சிமெண்டையும் மணலையும் குழைத்துச் சோதிக்கையில் 28 நாளில் வரவேண்டிய பலம். தூணுக்கு இன்ஜினியர் குறிப்பது எம்20, எம்25 போன்ற கிரேடு. எம்25 என்றால் 15 செ.மீ. கான்கிரீட் கட்டி 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்கவேண்டும். வேலையில் ஏற்ற இறக்கம் உண்டு என்பதால் 31.6 வரும்படி கணக்கிடுவார்கள்.

எம்20க்கு 1:1½:3 என்ற வாய்ப்பாடு உண்டு. எம்25க்கு எடைபோட்டு வடிவமைப்பதே முறை. சிமெண்டின் எடையில் பாதி தண்ணீர் என்று வைத்தால், 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர். 20 மி.மீ. ஜல்லி போட்டு, நெருக்கமான கம்பிக்குள் இறங்கும் பதத்துக்கு ஒரு கனமீட்டருக்குச் சுமார் 197 லிட்டர் தண்ணீர் தேவை. அப்படியானால் சிமெண்ட் 394 கிலோ, ஏறக்குறைய எட்டு மூட்டை. மீதி இடத்தை மணலும் ஜல்லியும் நிரப்பும். பிறகு மாதிரிக் கலவை போட்டு, 7, 28 நாட்களில் கட்டிகளை உடைத்துப் பார்ப்பார்கள்.

மூட்டைக்கு 5 லிட்டர் கூடினாலே பலம் நன்றாகக் குறையும். இன்னும் இளக்கம் வேண்டுமானால் அதே விகிதத்தில் சிமெண்டும் கூடவேண்டும்; அல்லது பிளாஸ்டிசைசர் சேர்க்கவேண்டும். ஈர மணலில் உள்ள தண்ணீரையும் கழிக்கவேண்டும். 100 கிலோவில் 4 லிட்டர் இருந்தாலும் கணக்கு மாறிவிடும்.

தூணுக்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி. சிமெண்டானால் 10 நாள், ஈரச் சாக்கு சுற்றித் தண்ணீர் விடச் சொல்லுங்கள்.

இப்போது எங்கள் பில்லின் பின்புறம் "இன்ஜினியர் சொன்ன அளவுக்குமேல் தண்ணீர் ஊற்றாதீர்" என்று அச்சிட்டுத் தருகிறோம். மேஸ்திரியிடமும் சொல்லி அனுப்புகிறோம். சக வணிகர்களும் இதைச் செய்தால் வீடு கட்டுபவருக்கும் நல்லது, நமக்கும் வீண் பழி வராது.