வெட்டிய காட்டில் மான் எதைத் தேடும்?

அலாஸ்காவின் டோங்காஸ் காடு பற்றி வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒன்றையே கேட்கின்றன: மரத்தை வெட்டினால் வெயில் விழும், செடி முளைக்கும், மான் பெருகும், இதில் என்ன கெடுதல்? மரம் வெட்ட வழிவிடும் புதிய சாலைகளைக் காடுகளுக்குள் போடத் தடை விதித்த 2001-ஆம் ஆண்டு விதியை நீக்க அமெரிக்க வேளாண் துறை 2025-இல் முனைந்தது. மக்கள் கருத்துச் சொல்லக் கெடு 2025 செப்டம்பர் 19 அன்று முடிந்தது. டோங்காஸில் மட்டும் சுமார் 92 லட்சம் ஏக்கர் அப்போது இந்த விதியின் பாதுகாப்பில் இருந்தது.

கேள்வியில் பாதி உண்மை உண்டு. வெட்டிய இடத்தில் சில ஆண்டுகளிலேயே புளூபெர்ரிப் புதர் மண்டிவிடும். கோடையில் சிட்கா கருவால் மான் அங்கே மேயவும் செய்யும். ஆனால் தழையின் அளவை வைத்து மானின் வயிற்றைக் கணக்கிட முடியாது.

ஒரு புளூபெர்ரி இலையை எடுத்துக்கொள்வோம். நாள் முழுக்க வெளிச்சத்தில் நிற்கும் செடி, இலைகளில் டானின் என்ற துவர்ப்புப் பொருளைக் கூடுதலாகச் சேர்த்துவைக்கிறது. அது இலையிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொண்டு செரிக்க விடாது. வெட்டப்படாத முதுகாட்டின் நிழலில் வளர்ந்த அதே செடியின் இலையில் டானின் குறைவு. மானின் உடம்பில் சேரும் புரதம் அதிகம். 1980-களில் தாமஸ் ஹான்லியும் சக ஆய்வாளர்களும் தென்கிழக்கு அலாஸ்காவில் இதை அளந்து காட்டினார்கள். வெட்டவெளியில் வயிறு நிறைய மேய்ந்தாலும், குட்டிக்குப் பால் கொடுக்கும் பிணைமானுக்குப் புரதம் போதாமல் போகலாம்.

குளிர்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். வெட்டவெளியில் புதரோடு சேர்த்து எல்லாவற்றையும் பனி மூடிவிடும். ஆழப் பனியில் கால் புதையப் புதைய நடந்தால், தின்றதைவிடச் செலவழித்த சக்தி மிஞ்சிவிடும். முதுகாட்டிலோ ஹெம்லாக், ஸ்ப்ரூஸ் மரங்களின் அகன்ற கிளைகள் பனியைப் பாதி வழியிலேயே தாங்கிக்கொள்கின்றன. கீழே பச்சை மாறாத குட்டைச் செடிகளும், காற்றில் உதிர்ந்த மரப்பாசியும் மானுக்குக் கிடைக்கும். பனி கனத்த நாட்களில் அது கடலோரத் தாழ்நிலத்து முதுகாட்டுக்கு இறங்கிவருவது இதனால்தான்.

என்னை உறுத்துவது அடுத்த கட்டம். வெட்டி 25, 30 ஆண்டுகளில் இளமரங்களின் உச்சிகள் நெருங்கி ஒன்றையொன்று தொடும். தரை இருண்டு, செடிகள் செத்துப்போகும். இந்த இருட்டு நூறாண்டுக்கு மேலும் நீடிக்கும். அரசுப் பதிவேட்டிலோ அது 'மீண்டும் வளர்ந்த காடு'. மரம் நிற்கிறதா என்று பார்க்கும் அந்தக் கணக்கு, அடியில் இலை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. டோங்காஸ் மரங்களை அரைத்த கெச்சிகன் மரக்கூழ் ஆலை 1954 முதல் 1997 வரை ஓடியது. அதன் கடைசிக் காலத்தில் வெட்டிய இடங்கள் இப்போதுதான் இருளத் தொடங்கியிருக்கின்றன. அந்த வெட்டின் முழு இழப்பை மான்கள் இனிமேல்தான் சந்திக்கப்போகின்றன.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

காட்டுத்தீயைத் தடுக்கச் சாலை வேண்டாமா? டோங்காஸ் மழைக்காடு; அங்கே மரங்களைச் சாய்ப்பது பெரும்பாலும் காற்று, தீ அல்ல.

ஓநாய்க்கு என்ன இழப்பு? டோங்காஸிலுள்ள பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவில் அதன் முக்கிய இரையே இந்த மான்தான்.

மனிதர்களுக்கு? இப்பகுதியின் பூர்வகுடிகளான டிலிங்கிட், ஹைடா மக்களின் வீடுகளில் மான்கறி முக்கிய உணவு.

இளமரங்களை இடையிடையே வெட்டிக் கலைத்துவிட்டால் போதாதா? சில காலம் வெளிச்சம் வரும். வெட்டிப்போட்ட தடிகள் மானை நடக்க விடாது, பிறகு உச்சிகள் மறுபடி மூடிக்கொள்ளும்.