கார் ஓட்டிய பாட்டி!

குட்டீஸ்... உங்கள் பாட்டி சின்ன வயதில் என்ன சாகசம் செய்தார் என்று கேட்டதுண்டா? அமெரிக்காவில் ஒரு பாட்டி, தன் இளமைக்கால சாகசத்தை 1961ல், 74 வயதில் புத்தகமாகவே வெளியிட்டார். அவர் பெயர் ஆலிஸ் ராம்சே.

1909ல் ஆலிசுக்கு வயது 22. வீட்டில் சின்னஞ்சிறு மகன் இருந்தான். கார் ஓட்டுவதெல்லாம் ஆண்கள் வேலை என்று பலரும் நினைத்த காலம் அது. நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பெண்ணாலும் கார் ஓட்ட முடியும் என்று காட்டக் கிளம்பினார் ஆலிஸ். மாக்ஸ்வெல் நிறுவனம் கார் கொடுத்தது.

ஜூன் 9. கொட்டும் மழையில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டார். கூடவே மூன்று பெண்கள். அவர்களில் ஒருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது!

அந்தக் காரை சாவி போட்டுக் கிளப்ப முடியாது. முன்பக்கம் கைப்பிடியைச் செருகி, பலம் கொண்ட மட்டும் சுற்ற வேண்டும். போக வேண்டிய தூரம் சுமார் 6,100 கிலோ மீட்டர். அதில் நல்ல சாலை வெறும் 245 கிலோ மீட்டர்தான்!

வழி தெரிவது எப்படி? கையில் ஒரு வழிகாட்டிப் புத்தகம் இருந்தது. 'மஞ்சள் வீட்டருகே திரும்பவும்' என்றது அது. தேடித் தேடிப் பார்த்தும் மஞ்சள் வீட்டைக் காணோம். கார்களைப் பிடிக்காத வீட்டுக்காரர், வீட்டுக்குப் பச்சை வண்ணம் அடித்துவிட்டாராம்!

மேற்கே போகப் போக அந்தப் புத்தகமும் உதவவில்லை. தொலைபேசிக் கம்பங்களைப் பார்த்தார்கள். எந்தப் பாதையில் அதிகக் கம்பிகள் போகின்றனவோ, அதுதான் ஊருக்குப் போகும் பாதை என்று கணக்குப் போட்டார்கள்.

அயோவா மாநிலத்தில் ஒரே சேறு. இன்ஜின் சூடாகித் தண்ணீர் கொதித்தது. பல் துலக்கும் பிரஷ் வைக்கும் சிறு குப்பிகளில், பள்ளத்துத் தண்ணீரை மொண்டு வந்து ஊற்றினார்கள். வயோமிங்கில் ஆற்றுப் பாலத்தை வெள்ளம் அடித்துப் போயிருந்தது. ஆலிஸ் தயங்கவில்லை. ரயில் பாலத்தின் கட்டைகள் மீதே 'தடக் தடக்' என்று காரை ஓட்டினார்!

வழியில் 11 முறை டயர் மாற்ற வேண்டியிருந்தது. ஆனாலும், 59 நாட்களில், ஆகஸ்ட் 7ல் சான்பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார். அமெரிக்காவைக் காரில் குறுக்கே கடந்த முதல் பெண் ஓட்டுனர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. 1983ல், 96 வயதில் மறைந்தார்.

அவர் எழுதி வைக்காமல் போயிருந்தால், மஞ்சள் வீடு பச்சையான கதை நமக்கு எப்படித் தெரியும்?

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் பழைய டைரி இருக்கலாம். தூசி தட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால், ஒரு நோட்டை எடுத்துக் கொண்டு பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள் குட்டீஸ்!